செம்புக்குள் இல்லாத பெயர்

எட்டு வயதில் எங்கள் குடும்பத்து நிலத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தவள் நான். 1997, சித்திரை கடைசி. பள்ளிக்கூடம் லீவு. திருச்சுழிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில், வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா, அப்பா, சித்தப்பா, தாத்தா, பக்கத்து ஊரிலிருந்து வந்த பெரிய மனுசர்கள் நான்கு பேர். நடுவில் ஒரு பித்தளைச் செம்பு. அதற்குள் மூன்று சீட்டுகள்.

"ஏத்தா, கண்ண மூடிக்கிட்டு ஒண்ணொண்ணா எடு" என்றார் தாத்தா. பேரன்கள் இருந்தும் என்னை ஏன் கூப்பிட்டார் என்பதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. பையன்கள் கண்மாயில் குளித்துக்கொண்டிருந்தார்கள், நான் பக்கத்தில் நின்றேன். முதல் சீட்டு பெரியப்பாவுக்கு, இரண்டாவது அப்பாவுக்கு, மூன்றாவது சித்தப்பாவுக்கு. ஒவ்வொன்றையும் பிரித்துச் சத்தமாக வாசித்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. சின்னப் பிள்ளை கையால் வந்தது, இதில் யாரைக் குறை சொல்ல?

பிற்பாடு நான் செய்யப்போகிற வேலையின் சூட்சுமம் முழுவதும் அன்றைக்கே அந்த ஜமுக்காளத்தில் இருந்தது. எங்களுக்கு மூன்று விதமான நிலம். கண்மாய் ஆயக்கட்டில் கொஞ்சம் நஞ்சை. ஊருக்கு மேற்கே கரிசல். மழை பெய்தால் பருத்தி, குதிரைவாலி, மல்லி. ஓடையைத் தாண்டி செவல். ஒருத்தருக்கு நஞ்சை, ஒருத்தருக்குக் கரிசல், ஒருத்தருக்குச் செவல் என்று அப்படியே சீட்டில் எழுதிக் குலுக்கியிருந்தால் செவல் வந்தவர் குடும்பம் மறு வருசமே திருப்பூருக்குப் பஸ் ஏறியிருக்கும். அதனால் பெரிய மனுசர்கள் இரண்டு நாள் சங்கிலி பிடித்து அளந்தார்கள். நஞ்சையை மூன்றாக, கரிசலை மூன்றாக, செவலை மூன்றாக வெட்டினார்கள். ஒவ்வொரு நிலத்திலும் ஒரு துண்டு சேர்த்து ஒரு பங்கு. அப்படி மூன்று பங்கையும் சமன் செய்த பிறகுதான் குலுக்கல். கிணற்றடித் துண்டைத் தாத்தா தனக்கென்று வைத்துக்கொண்டார்.

அத்தைமார் இருவரும் அன்று வீட்டில்தான் இருந்தார்கள். பெரியத்தை அடுப்படியில். சின்னத்தை கைப்பிள்ளையோடு வாசல் நிலைப்படியில் நின்றபடி நான் சீட்டு எடுப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தைகளுக்கு ஏன் சீட்டு இல்லை என்று நான் கேட்டதாக எழுத ஆசைதான். கேட்கவில்லை. அத்தனை ஆம்பளைகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருமை எனக்குப் போதுமாக இருந்தது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் பொறியியல் படிப்பின் கடைசி இரண்டு வருசத்துக்கு விற்ற செவல் துண்டு, அந்தச் செம்பிலிருந்து என் கையால் எடுத்ததுதான்.

*

மதுரையில் ஒரு சிறிய அலுவலகத்தில் தரவு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் பெரிய வேலையாக என் ஊர்ப் பக்கத்து அட்டவணையே வந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டார மானாவாரி நிலங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு நிலத்துண்டு. சர்வே எண், மண், விதைத்த பயிர், விதைத்த வாரம், பட்டாதாரர் பெயர், ஆணா பெண்ணா, அந்த வருசம் வெள்ளாமை வந்ததா போனதா. இதைக் கணினிக்குக் காட்டி, அடுத்த வருசம் எந்தத் துண்டில் பயிர் போகும் என்று முன்கூட்டிச் சொல்லும் மாடல் ஒன்றைச் செய்யவேண்டும். யாரை முதலில் போய்ப் பார்ப்பது என்பதை அது சொல்லும்.

இப்படிப்பட்ட வேலையில் முதல் காரியம் அட்டவணையைப் பங்கு பிரிப்பது. வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கையே பரீட்சையிலும் கேட்டால் பிள்ளைக்குக் கணக்குத் தெரிந்ததா, மனப்பாடம் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் நூற்றில் அறுபது வரிசைகளைக் கற்றுக்கொள்ளக் கொடுப்போம். இருபது வரிசைகளை, கற்றது சரியா என்று நடுநடுவே பார்த்துத் திருத்திக்கொள்ள. மிச்சம் இருபதைப் பூட்டி வைத்துவிட்டுக் கடைசியில் ஒரே தடவை திறப்போம், அதுதான் பரீட்சை.

அறுபது, இருபது, இருபது என்று மேலிருந்து கீழாக வெட்டினால் என்ன? எங்கள் அட்டவணை வட்டார வாரியாக அடுக்கப்பட்டிருந்தது. அருப்புக்கோட்டை முதலில், நரிக்குடி கடைசியில். அப்படியே வெட்டினால் மாடல் அருப்புக்கோட்டையை மட்டும் படித்துவிட்டு நரிக்குடியில் பரீட்சை எழுதும். எனவே முதலில் குலுக்கவேண்டும். பைதான் மொழியில் இதற்குப் பல வழிகள். அட்டவணை முழுவதையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப்போட்டு, எண்ணி வெட்டலாம். பங்குகள் துல்லியமாக வரும். அல்லது ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண்ணைக் குருட்டாம்போக்காகக் கொடுத்து, எண் 0.6-க்குக் கீழே இருந்தால் முதல் பங்கு, 0.8-க்குக் கீழே இருந்தால் இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது என்று அனுப்பலாம். பல கணினிகளில் சிதறிக் கிடக்கும் பெரிய அட்டவணைகளை ஸ்பார்க் இந்த வகையில்தான் பிரிக்கிறது. அதில் பங்கு ஏறக்குறையத்தான் வரும்; ஆயிரம் வரிசையில் அறுநூறு கேட்டால் 590 வரலாம், 612 வரலாம். புதிதாக வருபவர்கள் இதைப் பிழை என்று நினைத்துப் பதறுவார்கள். பிழையில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகக் காசு சுண்டினால் தலை சரிபாதி விழும் என்று யார் எழுதிக் கொடுத்தது?

அதிகம் பேர் பயன்படுத்துவது சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் இருக்கும் ஒரு செயற்கூறு. அது தானாகவே குலுக்கிவிடும். ஆனால் இரண்டாகத்தான் பிரிக்கும். மூன்று பங்கு வேண்டுமென்றால் இரண்டு தடவை கூப்பிடவேண்டும். முதலில் 0.2 என்று சொல்லி இருபதைப் பிரித்து வைத்தேன். மிச்சத்திலிருந்து இன்னொரு இருபது வேண்டுமே, மறுபடியும் 0.2 என்று போட்டேன். வந்தது 64, 16, 20. எண்பதில் இருபது என்றால் கால் பங்கு, 0.25 என்றல்லவா போடவேண்டும்! இந்தக் கணக்கில் தடுக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் சங்கிலி பிடித்தவர்களுக்கு இது தடுக்கியிருக்காது. முதல் ஆளுக்கு வெட்டிய பிறகு மிச்சத்தில் பாதி என்றுதான் அவர்கள் அளப்பார்கள்.

குலுக்கலுக்கு ஒரு விதை எண் கொடுப்பது வழக்கம். அதே விதையைக் கொடுத்தால் அதே குலுக்கல் திரும்ப வரும். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பலர் 42 என்று போடுவார்கள். டக்ளஸ் ஆடம்ஸின் நகைச்சுவை நாவலில் வரும் எண், உலகம் முழுக்க நிரலர்களுக்கு அது ஒரு பிள்ளையார் சுழி. நான் தாத்தாவுடைய சர்வே எண்ணைப் போட்டேன்.

ஒரு தடவை மாடலின் மதிப்பெண் குறைவாக வந்தது. விதையை மாற்றினேன். கூடியது. இன்னும் மாற்றினேன், இன்னும் கூடியது. ஏழாவது விதையில் நல்ல மதிப்பெண் வந்ததும் அதைப் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். வேண்டிய சீட்டு வரும்வரை செம்பைத் திரும்பத் திரும்பக் குலுக்குவது அல்லாமல் வேறென்ன இது? வேப்பமரத்தடியில் செய்திருந்தால் வெட்டுக்குத்து நடந்திருக்கும். இங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் பழைய விதைக்கே திரும்பினேன்.

*

அட்டவணையில் பட்டாதாரர் பெண் என்றிருந்த வரிசைகள் கொஞ்சம். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஆயிரம் வரிசைகளில் பெண்கள் பத்து. சோதனைப் பங்கு இருபது சதவீதம். இரண்டு பெண்கள் அதில் விழவேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பெண்ணும் அந்தப் பங்குக்கு வராமல் போக நூற்றுக்கு எண்பது வாய்ப்பு. பத்துப் பேரும் வராமல் போவதற்கு, 0.8-ஐப் பத்து தடவை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 0.107. பத்துக் குலுக்கலில் ஒன்றில் பரீட்சைத் தாளில் ஒரு பெண்கூட இருக்கமாட்டாள். மாடல் பெண்களின் நிலத்தைப் பற்றி என்ன உளறினாலும் மதிப்பெண்ணில் ஒரு புள்ளி குறையாது. யாரும் யாருக்கும் வஞ்சனை செய்யவில்லை. குலுக்கல் நேர்மையானது. அவள் மட்டும் இல்லை.

இது கணக்கில் மட்டும் நடக்கிற கதை என்று நினைக்கவேண்டாம். 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 வரைக்கும் போனது. அவ்வளவு காலம் இது வெளியே தெரியாததற்குக் காரணம், அப்போது புழக்கத்திலிருந்த சோதனைத் தொகுப்புகளில் பெரும்பாலும் வெளிர்நிற முகங்களே இருந்தது. ஆகவே அவர்கள் தங்கள் பரீட்சைத் தாளைத் தாங்களே செய்தார்கள். பெண் உறுப்பினர்கள் கணிசமாக இருக்கும் நாடாளுமன்றங்களாகத் தேடி, ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய 6 நாடுகளிலிருந்து 1270 முகங்கள். அந்தக் கட்டுரையை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெண்கள் கிடைக்கும் இடம் தேடிப் போய் அட்டவணை செய்யலாம் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

இதற்கு நிரலில் ஒரு மருந்து உண்டு. அடுக்கு வாரியாகப் பிரி என்று அந்தச் செயற்கூறுக்கே ஒரு சொல் கூடுதலாகக் கொடுத்தால் போதும். பெண்களை அறுபது-இருபது-இருபதாக, ஆண்களை அறுபது-இருபது-இருபதாகத் தனித்தனியாகப் பிரித்து அப்புறம் சேர்க்கும். கரிசலை மூன்றாக, செவலை மூன்றாக. தாத்தாவின் பெரிய மனுசர்களுக்குத் தெரிந்த அதே வித்தை. மண்ணுக்கு மண் பார்த்து, ஒரு துண்டு செவல்கூட ஒருவர் தலையில் கூடுதலாக விழாமல் இரண்டு நாள் வெயிலில் நின்றார்களே, அந்த நியாயபுத்தியை நான் இன்றும் மதிக்கிறேன். அது எனக்குச் சோறும் போடுகிறது. ஆனால் அது மண்ணோடு நின்றுபோனது எனக்கு ஆறவில்லை.

அடுக்கை இன்னும் நுணுக்கமாக்கலாம் என்று பெண்களைக் குடும்ப நிலைப்படியும் பிரித்துப் பார்த்தேன். மணமானவர், விதவை, கணவனைப் பிரிந்தவர். நிரல் நின்றுவிட்டது. திரையில் சிவப்பில் ஒரு செய்தி. ஆகக் குறைந்த வகையில் ஒரே ஒரு உறுப்பினர்தான் இருக்கிறார், அது போதாது, குறைந்தது இருவர் வேண்டும் என்று. பார்த்தால், கணவனைப் பிரிந்து தன் பெயரில் பட்டா வைத்திருந்த பெண் மொத்த அட்டவணையிலும் ஒருத்திதான். ஒருத்தியைப் பங்கு பிரிக்க முடியாது. அந்த மட்டுக்கு இயந்திரம் சொன்னது சரிதான். இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். அவளைத் தூக்கி 'மற்றவை'யில் போட்டேன். சிவப்பு மறைந்தது.

*

மாடலுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. சந்தேகப்படும் அளவுக்கு நல்ல மதிப்பெண். என் மேலாளர் அக்கா, இந்த வேலையில் பழுத்தவர், பார்த்ததும் "எங்கேயோ ஒழுகுதும்மா" என்றார். ஒழுகியது. ஒரே குடும்பத்தின் நான்கு துண்டுகள் நான்கு வரிசைகளாக இருந்தன. குலுக்கியதில் மூன்று கற்கும் பங்குக்கும் ஒன்று சோதனைப் பங்குக்கும் போயின. விதைத்த வாரம் ஒன்று, மழை ஒன்று, கையும் ஒன்று. மூன்றைப் பார்த்தவனுக்கு நாலாவது தெரியாதா? வரிசையைக் குலுக்கக்கூடாது, குடும்பத்தைக் குலுக்கவேண்டும். ஒரு குடும்பத்தின் துண்டுகள் எல்லாம் ஒரே பங்கில் விழும்படி மாற்றவேண்டும்.

எவை ஒரே குடும்பம் என்று அட்டவணை சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஊர் ஊராகப் போனேன். அருப்புக்கோட்டையில் இறங்கி டவுன் பஸ், அப்புறம் சித்தப்பா மகனின் டிவிஎஸ் ஐம்பது. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். கரிமூட்டம் போட்ட இடத்தில் புகை. கையில் அச்சிட்ட அட்டவணை. ஒவ்வொரு வரிசையாகத் தேடிப் போய்ப் பார்த்தேன்.

வரிசையில் 'ஆண், 71' என்று இருக்கும். வரப்பில் ஒரு பெண் நிற்பாள். அந்த ஆண் அவளுடைய மாமனார், செத்துப் பதினோரு வருசம். பட்டா மாறவில்லை. புருசன் கோயம்புத்தூரில். உழவு ஓட்ட டிராக்டர் பேசுவது அவள், விதைப்பது அவள், மழையில்லாமல் காய்ந்தால் நகையை அடகு வைப்பதும் அவள். நிவாரணம் வந்தால் செத்துப்போன மாமனார் பெயருக்கு வரும். இப்படி ஒன்றல்ல. நாள் பூராவும் இதேதான். "எந்தப் பேருல இருந்தா என்னம்மா, களை எடுக்கிற கைக்குப் பேரா கேக்குது?" என்று ஒரு அம்மா சிரித்தார். நிவாரணப் பணம் யார் கைக்குப் போனது என்று கேட்டதும் சிரிப்பு நின்றது.

நாட்டில் நிலத்தை நடத்துபவர்களாகக் கணக்கில் இருக்கும் பெண்கள், 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, ஏறக்குறைய 14 சதவீதம். எங்கள் பக்கத்து வரப்புகளில் மத்தியானம் ஒரு மணிக்கு நின்று பார்த்தவர்கள் அந்த எண்ணை நம்பமாட்டார்கள். ஆனால் என் நிரல் நம்பியது. நான் பெண்களை அடுக்குப் பிரித்து விகிதம் தவறாமல் மூன்று பங்கிலும் சரியாக வைத்திருந்தேனே, அது முழுக்க ஒரு தப்பான நெடுவரிசையை வைத்து. பத்துப் பெண்களை நியாயமாகப் பிரித்துவிட்டு, ஆண் என்ற பெயரில் ஒளிந்திருந்த மற்றவர்களைத் தொடவேயில்லை.

*

உத்திரமேரூருக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். குடவோலை பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், பொது ஆண்டு 919, 921. சுவரில் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அது என் அன்றாட வேலையைப் பற்றிப் பேசுகிறது என்று உறைத்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; அதாவது முப்பது அடுக்கு. குடும்புக்கு ஒருவர் வீதம் குலுக்கி முப்பது பேர். அந்த முப்பதும் பன்னிரண்டு, பன்னிரண்டு, ஆறு என்று மூன்று வாரியங்களுக்குப் போகும். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். நாற்பது, நாற்பது, இருபது சதவீதம்! ஆண்டு வாரியத்துக்கு மட்டும் கல்வியும் முன் அனுபவமும் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் குலுக்கலுக்கு விட்டுவிடவில்லை.

ஓலையை எடுப்பது, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். கைக்குள் வேறு ஓலை மறைத்து வைக்கக்கூடாதே. பிறகு எல்லோரும் கேட்க வாசிக்கவேண்டும். ஏழு விதை மாற்றிய எனக்கு அந்த ஐந்து விரலை வாசித்தபோது கூசியது. முன்னர் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் குடத்துக்குள் போகமுடியாது என்ற விதியும் உண்டு. ஒரே குடும்பத்துக்குள் ஒழுகுவதை அவர்களும் யோசித்திருக்கிறார்கள்.

சரி, குடத்துக்குள் யார் போகலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் வயது. வேதப் படிப்பு. அது பிராமணர்களின் சபை. உழுதவர்கள் இல்லை, நெய்தவர்கள் இல்லை, எந்தச் சாதியிலும் பெண்கள் இல்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும் அந்த ஏரியில் தண்ணீர் மொண்ட ஒருத்தியின் பெயர் வராது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் குடத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்கள். நானும் பெருமைப்படுகிறேன். ஆனாலும் அந்தச் சுவரின் முன் நின்றபோது எனக்குச் சின்னத்தை நிலைப்படியில் நின்றது ஞாபகம் வந்தது.

*

சின்னத்தைக்குக் கல்யாணம் 1991-இல். பெரியத்தைக்கு 1984-இல். இந்த இரண்டு வருசத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அவர்கள் இருவருக்கும் அது தெரியாது. 1956 வாரிசுரிமைச் சட்டத்தில், செத்துப்போன அப்பாவின் சொந்தப் பங்கில் மகளுக்கும் பங்கு இருந்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இருந்த மாதிரி பிறப்புரிமை கிடையாது. தமிழ்நாடு அதை மாற்றியது. 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பால் பங்குதாரர், அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களைத் தவிர. மத்தியச் சட்டத்தில் இது வர 2005 ஆனது. அப்பா அன்று உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற குழப்பத்தைத் தீர்த்து உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2020 ஆகஸ்டில். அதாவது 1997-இல் நான் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, நிலைப்படியில் நின்ற சின்னத்தை சட்டப்படி ஒரு பங்குக்காரி. அடுப்படியில் இருந்த பெரியத்தை இல்லை. இதுவும் ஒரு பங்குபிரிப்புதான், ஆனால் குலுக்கல் இல்லை. ஒரு தேதியை வைத்து, கத்தியால் வெட்டியது. தேதிக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு விசயம்.

செம்பில் நான்கு சீட்டு இருந்திருக்கவேண்டும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப யாருக்குத் தெரியும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சிருந்தாலும்…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

தாத்தா 2019-இல் போனார். அப்பத்தா அதற்கு முன்பே போய்விட்டாள். மிச்சம் இருந்தது அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட கிணற்றடித் துண்டு. போன வருசம் அதைப் பிரிக்கப் பேச்செடுத்தார்கள். வாரிசுச் சான்றிதழை இணையத்தில் எடுத்துத் தரச்சொல்லி என்னிடம்தான் சொன்னார்கள். பெயர், வயது, உறவுமுறை. மகன், மகன், மகன், மகள், மகள். எங்கள் நிலம் சம்பந்தப்பட்ட தாள்களில் ஐந்து பேரும் ஒரே அட்டவணையில் இருந்தது அதுதான் முதல் தடவை. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை வாங்கியது எதற்கென்றால் அத்தைகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க. பத்திர எழுத்தர் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். எனக்குக் கிடைக்கவேண்டிய சீர்செனத்தி எல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டபடியால் என்று போகும் வாசகம். இரண்டு பட்டுச்சேலையும் வாங்கி வந்திருந்தார்கள். அதே வேப்பமரம். ஜமுக்காளத்துக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அத்தைகளுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள், அதையும் சொல்லவேண்டும்.

நான் ஒரு நோட்டுத்தாளைக் கிழித்து ஐந்து சீட்டு எழுதி வைத்திருந்தேன்.

சித்தப்பாதான் முதலில் பேசினார். "நீ படிச்சபிள்ள. ஒனக்கே ஒங்க அப்பன் பங்குல வரப்போறது கொறையும், தெரியும்ல?"

"தெரியும் சித்தப்பா."

"அம்புட்டுக்காணு எடம். அஞ்சா வெட்டுனா ஆளுக்குக் கோவணம்தான்."

அது உண்மையும்கூட. கிணறு ஒன்று, பாதை ஒன்று. அஞ்சாகப் பிரித்தால் யார் துண்டு வழியாக யார் மோட்டார் பைப் போகும் என்று அடுத்த பத்து வருசத்துக்குச் சண்டை இருக்கும். நான் அதை மறுக்கவில்லை. மூன்றாகப் பிரித்தாலும் அந்தச் சண்டை உண்டு என்று மட்டும் சொன்னேன்.

சின்னத்தை, "எனக்கெதுக்குத்தா நெலம்? பொறந்த வீட்டு வாசல் தொறந்திருந்தாப் போதும்" என்றாள். இதைச் சொல்லாத பெண்ணை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டால் வாசல் திறந்திருக்கும், போடாவிட்டால் மூடிக்கொள்ளும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒப்பந்தம். அருப்புக்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மில் வேலையில் மூச்சுக்கோளாறு வாங்கியவள் அவள். அவளுக்கு நிலம் எதற்கென்று எனக்கு நூறு காரணம் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல வரவில்லை.

பெரியத்தைக்கு அறுபத்தைந்துக்கு மேல். மாமா போய் வெகுகாலம் ஆகிறது. நூறுநாள் வேலைக்குப் போகிறாள். அவள் என் கையிலிருந்து ஐந்து சீட்டையும் வாங்கினாள். படிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாகப் பிரித்து, "இது யாரு, இது யாரு" என்று கேட்டாள். சொன்னேன். தன் பெயர் இருந்த சீட்டைக் கொஞ்சநேரம் வைத்துப் பார்த்துவிட்டு மடித்து மற்றதோடு சேர்த்தாள்.

"மொதல்ல அளங்க தம்பி" என்றாள் பெரியப்பாவைப் பார்த்து. பெரியப்பா அவளுக்குத் தம்பி; நான் அதுவரை அதை யோசித்ததே இல்லை, எங்கள் வீட்டில் மூத்தது அவள். "அஞ்சா அளந்துபோட்டுக் கூப்புடுங்க. வர்றேன். சீட்டுல எது வருதோ வரட்டும்."

சேலையை எடுத்துக்கொள்ளவில்லை. நாலுமணி நரிக்குடி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அளவைக்கு மனுவை நான்தான் போட்டேன். ஐந்து பெயரும் எழுதி. அப்பா ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் திண்ணைக்குப் போய்விட்டார். சர்வேயர் இன்னும் வரவில்லை. அலுவலகத்தில் அந்த மாடலை மறுபடி செய்துகொண்டிருக்கிறோம். பட்டாதாரர் என்ற நெடுவரிசைக்குப் பக்கத்தில் 'உழவு பார்ப்பவர்' என்று இன்னொன்று சேர்த்திருக்கிறேன். அதை நிரப்ப ஊர் ஊராகப் போகவேண்டும், மெதுவாகத்தான் நடக்கிறது. 'மற்றவை'யில் போட்டவளை வெளியே எடுத்துவிட்டேன். சிவப்புச் செய்தி திரும்ப வந்துவிட்டது. அது அப்படியே இருக்கிறது; அவளை மாதிரி இன்னொருத்தி கிடைக்கும்வரை.

போன வாரம் இரவு சின்னத்தை போன் செய்தாள். பிள்ளைகளைக் கேட்டாள், மழை உண்டா என்று கேட்டாள்.

"கெணத்துக்குக் கெழக்க ஒரு புளியமரம் நின்னுச்சே தாயி, இன்னும் நிக்குதா?"

"நிக்குது அத்தை."

கொஞ்சநேரம் பேச்சில்லை.

"யாரு பங்குல வரும்னு கேக்கல. நிக்குதான்னுதான் கேட்டேன்" என்றாள்.